ஓடுகிற எஞ்சினை நடக்க வைப்பது

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் மருந்தடிக்கிற மிஷின் இல்லாத விவசாய வீடு குறைவு. முதுகில் மாட்டிக்கொண்டு கயிற்றைச் சுண்டி இழுத்தால் தெருவையே எழுப்பிவிடும் பெட்ரோல் மிஷின். இப்போது டிரோன்காரரைக் கூப்பிட்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிடுகிறார்கள். சில்லறை வேலைக்கு பேட்டரி ஸ்பிரேயர் இருக்கிறது. பழைய மிஷின்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் தூங்குகின்றன. அப்படித் தூங்கிய ஒன்றை, பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்காள் மகன் இறக்கிவைத்துக்கொண்டு கேட்டான்: "மாமா, இத தாத்தா சைக்கிள்ல வச்சா ஓடும்ல?"

திருவையாற்று சாலையில் எனக்குத் தெரிந்த சைக்கிள் மெக்கானிக் ஒருவர் உண்டு. அவரிடம் கூட்டிப்போனேன். மிஷினைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எஞ்சினு ஓடிரும் தம்பி. அது ஓடுறதுக்குன்னே செஞ்சது. அத நடக்க வைக்கிறதுதான் பாடு."

அந்த ஒரு வார்த்தையில் முழு விஷயமும் அடங்கிவிட்டது. கணக்குப் போட்டால் தெரியும். மிஷினின் தகட்டில் 35 சி.சி. என்று இருக்கிறது. ஒரு குதிரைத்திறனுக்குச் சற்று மேலே தரும். நிதானமாக மிதிக்கும் ஆளின் கால் தருவது 100 வாட்டுக்குள்தான். இதுவோ அதைப்போல எட்டு மடங்குக்கு மேல். சக்திக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தச் சக்தி கிடைப்பது நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில். 28 அங்குல சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீட்டர் உருளும். மணிக்கு 25 கிலோமீட்டர் போக அது நிமிடத்துக்கு 190 சுற்று சுற்றினால் போதும். ஆக, எஞ்சின் முப்பது தரத்துக்கு மேல் சுற்றும்போது சக்கரம் ஒரு தரம் சுற்ற வேண்டும். சைக்கிளின் செயினும் பல்சக்கரமும் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. பெடல் ஒரு தரம் சுற்றினால் சக்கரத்தை இரண்டரைத் தரத்துக்கு மேல் சுற்றவைக்கத்தான் அவற்றைச் செய்தார்கள். எஞ்சினை அந்தச் செயினில் நேராகக் கோத்தால், ஒன்று எஞ்சின் அணைந்துபோகும், அல்லது செயின் அறுந்துபோகும்.

மெக்கானிக் சொன்ன வழி ரோலர். லேத் பட்டறையில் 30 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு இரும்புத் தண்டைக் கடைந்து, வழுக்காமல் பிடிக்க மேலே சொரசொரப்பாக வரி போட்டு, இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே மாட்டினார்கள். எஞ்சின் தண்டோடு இணைந்து சுற்றும் இந்த ரோலர் பின் டயரின் மேல் அழுந்தி உட்கார்ந்து அதைத் தேய்த்துச் சுற்றும். எஞ்சின் 24 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. முழு வேகத்தில் மணிக்கு 34 கிலோமீட்டர் வரும். வேண்டிய வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் பல்சக்கரம் கிடையாது, எண்ணெய் ஊற்றும் பெட்டி கிடையாது.

அடுத்தது கிளட்ச். புல்வெட்டும் மிஷினில் வேகம் ஏறினால் தானாகப் பிடிக்கும் கிளட்ச் உண்டு. மருந்து மிஷினில் இல்லை. எஞ்சின் சுற்றினால் காற்றாடி சுற்ற வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. அதனால் எஞ்சின் உட்காரும் தகட்டுக்கு ஒரு கீல் வைத்து, ஹேண்டில் பாரிலிருந்து ஒரு கம்பி இழுத்தார்கள். கம்பியை இழுத்தால் ரோலர் டயரைவிட்டு எழும், விட்டால் ஸ்பிரிங் அழுத்தும். மிதித்துக் கொஞ்சம் வேகம் எடுத்து, கம்பியை விட வேண்டும்; எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெறும். இன்னொரு சங்கதியும் உண்டு. மருந்தை ஊதிய அந்தப் பெரிய காற்றாடியின் காற்றில் ஒரு பங்கு எஞ்சினையும் குளிரவைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே சிலிண்டரைச் சுற்றி ஒரு தகரக் கவசம், ஒரு சின்ன விசிறி.

களத்தில் ஓட்டிப் பார்த்தபோது பையன் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை. காவிரிப் படுகை இந்தச் சின்ன எஞ்சினுக்கு நல்ல மண்; மேடே கிடையாது. வாய்க்கால் மதகு ஏற்றத்தில் மட்டும் காலும் சேர்ந்து மிதிக்க வேண்டும். ஆனால் சம்பா நாற்றங்கால் சேறு டயரில் ஏறிவிட்டால் ரோலர் வெறுமனே வழுக்கும். காய்ந்த தரையில் டயரைச் சுரண்டித் தின்னும்.

இந்தத் தொல்லையை 1946இலேயே ஒருவர் பட்டிருக்கிறார். ஜப்பானின் ஹமாமட்சு நகரில் சோயிச்சிரோ ஹோண்டா, போர் முடிந்து அனாதையாகக் கிடந்த ராணுவ வயர்லெஸ் ஜெனரேட்டர் எஞ்சின்களை வாங்கி சைக்கிளில் பொருத்தினார். பெட்ரோல் டேங்குக்கு ஆரம்பத்தில் அவர் எடுத்துக்கொண்டது வெந்நீர் ஒத்தடக் குடுவை. முதலில் அவரும் ரோலரைத்தான் வைத்தார். அந்தக் காலத்து மட்டமான டயர்கள் தாங்கவில்லை. பெல்ட்டுக்கு மாறி, பின் சக்கரத்தை இழுத்தார். வாங்கிய எஞ்சின்கள் தீர்ந்ததும் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார். அதே 1946இல் பிரான்சில் வந்த வெலோசோலெக்ஸ் முன்சக்கர ரோலரை வைத்துக்கொண்டே பல பத்தாண்டுகள் ஓடியது.

நம் ஊரில் இந்தக் கதையின் முடிவு டிவிஎஸ் பிப்டி. 1980இல் ஓசூரிலிருந்து வந்த, இரண்டு பேர் உட்காரக்கூடிய 50 சி.சி. மொபெட். பெடல் வைத்த சைக்கிளாகப் பிறந்து, தஞ்சை மாவட்டத்தில் மாட்டுவண்டியின் பாதி வேலையைப் பிடுங்கிக்கொண்டது. நெல் மூட்டை, வைக்கோல் கட்டு, பால் கேன், வாழைத்தார், புருஷன் பெண்டாட்டி பிள்ளை எல்லாவற்றையும் அது சுமந்தது. 2015இல் எக்ஸ்எல் 100 என்று நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தபோதும் அதே வேலைதான்.

அப்படியிருக்க, வீட்டில் செய்தது எதற்கு? சாலையில் ஓட்டவா என்றால், சட்டம் இடம் தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் எஞ்சின் 25 சி.சி.யைத் தாண்டாவிட்டால் அதை மோட்டார் வாகனமாகவே எண்ணுவதில்லை. சட்டம் வந்தபோது அந்த வரம்பு 35 ஆக இருந்தது. 1994 திருத்தம் 25 ஆக்கியது. மருந்து மிஷினின் 35 சி.சி. மயிரிழையில் உள்ளே இருந்து, வெளியே விழுந்துவிட்டது. "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு எதிரா சட்டம் போட்டுட்டாங்க மாமா" என்றான் பையன். வெளியே விழுந்த வண்டிக்குப் பதிவு வேண்டும். பதிவில்லாமல் இன்சூரன்ஸ் இல்லை. யார் மேலாவது மோதினால் நஷ்ட ஈடு நம் நிலத்தை விற்றுத்தான். பதிவு செய்யப் போனால், மத்திய மோட்டார் வாகன விதிகள் மாதிரி வண்டியைச் சோதனை நிலையத்துக்கு அனுப்பச் சொல்லி உற்பத்தியாளரிடம் கேட்கின்றன. தாத்தா சைக்கிளை வைத்துக்கொண்டிருக்கிற பையனும் ஒரு தொழிற்சாலையும் அந்த விதியின் கண்ணுக்கு ஒன்றுதான்.

சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு பாதி வரை. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு. மிதித்துப் போகும் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு வைத்த கம்பி பிரேக், 34இல் ஐந்து மடங்கு வேலை செய்ய வேண்டும். மழையில் நனைந்த ரிம்மில் அந்த ரப்பர் கட்டை என்ன பிடிக்கும் என்று ஒரு முறை அழுத்திப் பார்த்தவருக்குத் தெரியும். மறு பாதிதான் குறை. பிரிட்டனில் தனி ஆள் செய்த ஒற்றை வண்டியைச் சோதித்து அனுமதிக்க ஒரு வழி இருக்கிறது. இங்கே ஒவ்வொரு மாவட்டத்திலும் ஐடிஐ இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இருக்கிறது. பிரேக், விளக்கு, ஃபிரேம் மூன்றையும் பார்த்து, கிராமச் சாலைக்கு மட்டும், இத்தனை வேகத்துக்கு மேல் கூடாது என்று ஒரு சீட்டு கொடுக்க இந்த மூன்று இடங்களும் போதும். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் மின்சார சைக்கிளுக்குப் பதிவே வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த அரசுக்கு இது பெரிய காரியமில்லை.

அதுவரை எங்கள் வண்டி களத்தைத் தாண்டாது. பையன் அதற்காக வருந்துவதாகவும் தெரியவில்லை. லீவு முடிந்து போகும்போது பழைய மொபெட்டின் பின்சக்கர டிரம் பிரேக் ஒன்று பழைய இரும்புக் கடையில் என்ன விலை வரும் என்று கேட்டுவிட்டுப் போனான். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இவனை இனி நம்பி எஞ்சினைக் கையில் கொடுக்கலாம்.