வீலுக்கு ஒரு ஃபேஷியல்!

வீட்டுல பழைய கார் இருக்கா பாஸ்? பாடியை விடுங்க, கொஞ்சம் குனிஞ்சு வீலைப் பாருங்க. துருப்பிடிச்ச தோசைக்கல் மாதிரி இருக்கா? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான்!

எங்க வீட்டு ஹீரோ அப்பாவோட மாருதி 800. கம்பெனி 2014-லயே தயாரிப்பை நிறுத்திடுச்சு, அப்பா இன்னும் ஓட்டறதை நிறுத்தலை. 12 இன்ச் இரும்பு வீல், ஒவ்வொண்ணுக்கும் நாலு நட்டு. பெயின்ட் கடையில ரேட் கேட்டு எனக்குத் தலை சுத்திச்சு. "மெக்கானிக்கல்தானே படிக்கிறே, நீயே பண்ணு"ன்னார் அப்பா. மொட்டைமாடி ஒர்க்‌ஷாப் ஆச்சு. 1,500 ரூபாய்க்குள்ள வேலை முடிஞ்சது. நடுவுல பெரிய பல்பும் வாங்கினேன். அதைக் கடைசியில சொல்றேன்.

கழட்டு: ஒரு நேரத்துல ஒரு வீல்தான். அந்த இடத்துல ஸ்டெப்னியை மாட்டிடுங்க. ஜாக்கியிலேயே காரை நிறுத்தி வைக்கிற வேலையே வேண்டாம்.

கழுவு: சோப்புத்தூள் போட்டு கிரீஸ், பிரேக் தூசி எல்லாம் போகத் தேய்க்கணும். எண்ணெய்ப் பசை இருந்தா புது பெயின்ட் அப்பளம் மாதிரி உரிஞ்சிடும்.

உரி: 80 நம்பர் உப்புத்தாள், கம்பி பிரஷ், கை வலி. இதான் ஃபார்முலா! அப்புறம் 180, 320னு வழவழப்பாக்குங்க. பாதி நேரம் இதுக்கே போகும், அவசரப்படாதீங்க. பெயின்ட் ரிமூவர் யூஸ் பண்ணினா கிளவுஸ் போட்டுட்டு, திறந்த வெளியில மட்டும் பண்ணுங்க. பல ரிமூவர்கள்ல டைகுளோரோமீத்தேன் இருக்கும். மூடின ரூம்ல அந்த ஆவி உயிருக்கே ஆபத்து. தூசிக்குப் போடற மாஸ்க் அதைத் தடுக்காது.

அலாய் வீல் வெச்சிருக்கிற பணக்காரங்க கவனிக்க: காஸ்டிக் சோடா பக்கமே போகாதீங்க. அலுமினியத்தை அது அரிச்சுடும், கூடவே தீப்பிடிக்கிற ஹைட்ரஜனும் வரும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கா? இரும்போ அலாயோ, விரிசல் தெரிஞ்சா பெயின்ட் அடிச்சு மறைக்காதீங்க. அந்த வீலை மாத்தத்தான் வேணும்.

அடி: காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல வரிசையா செருகுங்க. டயர்ல பெயின்ட் படாது. தின்னர் தொட்டுத் துடைச்சுட்டு முதல்ல பிரைமர், அப்புறம் சில்வர் ஸ்பிரே, கடைசியில கிளியர். எல்லாமே மெல்லிசா ரெண்டு மூணு கோட். ஒரே அடியா அடிச்சா வழிஞ்சிடும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

இனிதான் பல்பு. முதல் வீலை முன்னாடி பின்னாடி எல்லாம் சூப்பரா பெயின்ட் அடிச்சு மாட்டிட்டேன். ரெண்டாம் நாள் வீல்ல 'டக் டக்'னு சத்தம். ஸ்பேனரை வெச்சா, மூணு நட்டு லூஸ்! மறுநாள் அம்மா, தங்கச்சியோட திருச்சி போறதா பிளான். எனக்கு வேர்த்திடுச்சு.

மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துட்டுச் சொன்னார்: "நட்டு உட்கார்ற குழியிலயும், டிரம் மேல படியற பின்பக்கத்துலயும் தடியா பெயின்ட் அடிச்சிருக்கே தம்பி. வண்டி ஓட ஓட அது நசுங்கி உதிரும். நட்டு பிடிமானம் போயிடும்."

அந்த ரெண்டு இடத்தையும் இரும்பு தெரியச் சுரண்டினேன். அடுத்த மூணு வீலுக்கும் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே அங்கே டேப் ஒட்டிட்டேன். நட்டை எதிரெதிரா முடுக்கி, 50 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி செக் பண்ணினேன். நீங்களும் இதை மட்டும் மறக்காதீங்க.

இப்போ தினமும் கார் எடுக்கிறதுக்கு முன்னாடி அப்பா நாலு வீலையும் ஒரு ரவுண்டு பார்க்கிறார். என் கைவண்ணத்தை ரசிக்கிறார்னு நினைச்சேன்.

நட்டை எண்றாராம்!