பரிசுப் புத்தகங்களில் இல்லாத கைதிகள்

போன மாதம் எங்கள் சபையின் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை ஒரு துணிப்பையோடு வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கப் பதினொரு புத்தகங்கள். "ஐயா, நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க, ஒருவாட்டி படிச்சுப் பாத்து எது எந்த வயசுக்குன்னு குறிச்சுக் குடுத்துருங்க" என்றார். ஓய்வுபெற்றவன் சும்மா இருக்கிறான் என்பது உலக நம்பிக்கை. மறுத்துப் பேசவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதில் நான்கு புத்தகங்கள் உலகப் போர்க்கால கைதிகளைப் பற்றியவை. நான்கும் ஆங்கிலம். இப்போதைய பிள்ளைகள் படிக்கிற பாஷை அதுதான். உண்மையாக வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுக் கற்பனைப் பையனையோ பெண்ணையோ நிறுத்தி, அந்தப் பிள்ளையின் கண் வழியாகக் கதை சொல்லுகிற வகை. நெதர்லாந்தில் யூதர்களை வீட்டுக்குள் ஒளித்துவைத்ததற்காக 1944-ல் கைதாகி ராவன்ஸ்புரூக் முகாமுக்குப் போன கோரி டென் பூம் அம்மையார் ஒன்றில். 1924 ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கியவரும், பிறகு சீனாவில் மிஷனரியாகப் போய் ஜப்பானியரின் வெய்சியன் முகாமில் 1945 பிப்ரவரியில் இறந்தவருமான எரிக் லிட்டெல் இன்னொன்றில். மற்ற இரண்டும் சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட வெள்ளைக்காரக் கைதிகளைப் பற்றியவை.

நல்ல புத்தகங்கள்தான். குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். மதியத் தூக்கத்தை விட்டுப் படித்தேன். ரயில் பாதைக் கதைகளுக்கு மூலம், எர்னஸ்ட் கார்டன் என்ற ஸ்காட்லாந்துப் படை அதிகாரி 1962-ல் எழுதிய நினைவுக் குறிப்பு. மண்வெட்டி ஒன்று குறைகிறது என்று காவலன் கத்துகிறான். எடுத்தவன் சொல்லாவிட்டால் எல்லோரையும் கொல்லுவேன் என்கிறான். ஒருவன் முன்னே வந்து நான்தான் என்கிறான், அங்கேயே அடித்துக் கொல்லப்படுகிறான். பிறகு எண்ணிப் பார்த்தால் மண்வெட்டி ஒன்றும் குறையவில்லை. அதே கார்டன், பிற்பாடு காயம்பட்டுப் புழுத்துக் கிடந்த ஜப்பானியச் சிப்பாய்களுக்குத் தன் ஆட்கள் தண்ணீர் கொடுத்துப் புண்ணைக் கழுவியதையும் எழுதியிருக்கிறார். இதைப் படித்துக் கண் கலங்காத பிள்ளை இருக்காது.

என்னைத் தடுத்து நிறுத்தியது வேறொரு இடம். ஒரு புத்தகத்தில், நூற்றெழுபது பக்கத்தில் ஒரே ஒரு வரி: பக்கத்து முகாமில் ஆசியக் கூலிகளும் இருந்தார்கள், அங்கே காலரா. அவ்வளவுதான். அடுத்த வரியில் கதாநாயகப் பையன் பைபிளைத் தேடப் போய்விடுகிறான்.

அந்தப் பக்கத்து முகாமில் இருந்தவர்களில் பெரும் கூட்டம் தமிழர்கள்.

எங்கள் அம்முச்சிக்கு ஒரு தம்பி. தாராபுரம் பக்கம் மழை பொய்த்த ஒரு வருஷம், 1937 வாக்கில், கங்காணி ஒருவனோடு நாகப்பட்டினம் போய்க் கப்பலேறி மலாயாவுக்கு ரப்பர் பால் எடுக்கப் போனவர். அதற்கு மறுவருஷமே இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஒரு வருஷம் பொறுத்திருந்தால் போயிருக்கவே மாட்டார் என்று அம்முச்சி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போதாவது மணியார்டர் வரும், கார்டு வரும். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தபாருவில் இறங்கினான். அதோடு எல்லாம் நின்றது. சண்டை முடிந்து வருஷக்கணக்காகியும் தபால்காரர் தெருவில் வந்தால் அம்முச்சி எழுந்து நிற்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

அவர் ரயில் பாதைக்குப் போனாரா, தோட்டத்திலேயே பசியில் செத்தாரா, எனக்குத் தெரியாது. தோட்டத்துத் தமிழர்களுக்கு நடந்தது மட்டும் தெரியும். ரப்பர் ஏற்றுமதி நின்றதும் கூலி நின்றது, அரிசி நின்றது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்பினால் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பயம். அதனால் சயாமிலுள்ள பான் போங்கிலிருந்து பர்மாவிலுள்ள தான்பியூசயாட் வரை மலையையும் காட்டையும் வெட்டி 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடத் தீர்மானித்தார்கள். 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் இரண்டு முனையையும் இணைத்துவிட்டார்கள். நம் அவினாசி ரோட்டில் ஒரு மேம்பாலத்துக்கு ஆகிற காலத்தை நினைத்துப் பாருங்கள், இது எப்படி முடிந்திருக்கும் என்று புரியும். ஆளைப் போட்டுத்தான் முடித்தார்கள்.

கொஞ்ச நாள் வேலை, நல்ல கூலி, சாப்பாடு உண்டு என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். இலவச சினிமா என்று கூட்டி, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றியதை மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்வதுண்டு. பெண்டாட்டி பிள்ளையோடு போனவர்களும் இருந்தார்கள்.

போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தார்கள், பொதுமக்களான கூலிகள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே சொல்கிறது. கைதிகளுக்கு அதிகாரி இருந்தார், டாக்டர் இருந்தார், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று அதட்ட ஆள் இருந்தது. நம் ஆட்களுக்கு ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் காலரா வந்ததும் குடிசை குடிசையாகப் போனார்கள். காஞ்சனாபுரியில் கைதிகளுக்குப் பெரிய கல்லறைத் தோட்டம் உண்டு. ஏறத்தாழ 7,000 கல்லறை, புல் வெட்டி, செடி வைத்து, பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். தமிழர்களுக்கு அப்படி ஒரு தோட்டம் இல்லை. அங்கே ஒரு பௌத்த விகாரையில் தமிழர் நினைவாக ஒரு நடுகல் வந்ததே 2023-ல்தான், எண்பது வருஷம் கழித்து.

அந்தக் குவாய் பாலத்தைப் பற்றி 1957-ல் வந்த பிரபலமான சினிமாவை நம்மில் பலர் பார்த்திருப்போம். படம் பிடித்தது இலங்கையில் கித்துல்கலவில். விசில் பாட்டு ஞாபகமிருக்கும். அதில் தமிழ்க் கூலி ஒருவனைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா?

புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கையில் இதையெல்லாம் ஆசிரியையிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் சொன்ன பதிலில் நியாயமும் இருந்தது. "ஐயா, பிள்ளைங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணுமில்ல? இவங்க கதையில கடைசியில மன்னிப்பு இருக்கு, விடுதலை இருக்கு. நீங்க சொல்ற கதையில எல்லாரும் செத்துப் போறாங்க. அப்புறம், அவங்கள்ல முக்கால்வாசிப் பேர் நம்ம சபைக்காரங்களும் இல்லையே."

இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மன்னிப்பு. கோரி அம்மையார் தன் முகாமின் முன்னாள் காவலன் கை நீட்டியபோது அதைப் பிடித்தார். பிடிக்க முடியாமல் தவித்ததையும் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அது அவர் கொடுத்த மன்னிப்பு. செத்துப்போன தன் அக்காவை நினைத்துக்கொண்டே கொடுத்தது. ஆனால் அடுத்தவனுக்கு நடந்ததை நான் மன்னிக்க முடியுமா? பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். பத்தாம் அத்தியாயத்தில் அடி, பன்னிரண்டில் ஜெபம், பதினான்கில் மன்னிப்பு. பக்கத்து முகாமில் யார் செத்தார்கள் என்று கேட்காமலே கணக்கை முடித்துவிடுகிறார்கள். யாருக்கு என்ன நடந்தது என்று முழுக்கச் சொல்லாத இடத்தில் மன்னிப்பு என்ற வார்த்தைக்குக் கனமே இல்லை.

அடுத்தது, நம் சபைக்காரர் இல்லை என்பது. மலாயாத் தோட்டங்களில் தமிழ்க் கத்தோலிக்கர், மெதடிஸ்டுகள், லுத்தரன்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள், அது வேறு விஷயம். எங்கள் குடும்பம் சபைக்கு வந்ததே அந்தத் தம்பி கப்பலேறிய பிறகுதான். அவர் ஞானஸ்நானம் எடுக்காதவர், அண்ணமார் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போனவர். அவருக்கு நம் அலமாரியில் இடமில்லையென்றால், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன் கதையை நாம் எதற்கு வருஷா வருஷம் நாடகம் போடுகிறோம்? தூக்குவதற்கு முன் அவன் எந்தச் சபை என்று கேட்டதாக எங்கும் இல்லையே.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நாளைக்கு யாராவது இதை எழுதினால், காலராவில் கிடக்கிற மாரியையும் முனியாண்டியையும் கடைசிப் பக்கத்தில் கிறிஸ்தவனாக்கி முடித்துவிடுவார்கள். தயவுசெய்து அது வேண்டாம். உயிரைப் பறிகொடுத்தவர்களிடமிருந்து சாமியையும் நாம் பிடுங்கக் கூடாது. விசுவாசம் கதையில் வரட்டும், வர இடமும் இருக்கிறது. 1943 நடுவில் போர்க்கைதி டாக்டர்களையும் உதவியாட்களையும் சிங்கப்பூரிலிருந்து கே படை, எல் படை என்று பிரித்துக் கூலி முகாம்களுக்கே அனுப்பினார்கள். கையில் மருந்து அதிகமில்லை, பாஷை தெரியாது. அப்படி ஒரு டாக்டருக்கும், அவருக்கு மொழிபெயர்க்கிற ஒரு தோட்டத்துப் பையனுக்கும் நடுவில் ஒரு கதை இல்லையா? அந்தப் பையன் மிஷன் பள்ளியில் நாலு வகுப்பு படித்தவனாக இருக்கட்டும். அவன் ஜெபிக்கட்டும். ஜெபித்தும் அம்மா செத்துப்போகட்டும். நம் பிள்ளைகள் தாங்குவார்கள். கொரோனா சமயத்தில் அவர்கள் பார்க்காத சாவா?

பெரியவர்களுக்கு மலேசியாவிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் நாவல்கள். நம் நாட்டுக் கிறிஸ்தவர் ஒருவரின் சாட்சியமே வேண்டுமென்றால், மங்களூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கரான ஜான் பாப்டிஸ்ட் கிராஸ்டா இருக்கிறார். சிங்கப்பூரில் பிடிபட்டு, ரபவுல் வரை கப்பலில் அடைத்துக் கொண்டுபோகப்பட்ட இந்தியப் படைக்காரர். உயிரோடு திரும்பி எழுதிவைத்தது ஐம்பது வருஷம் வீட்டில் கிடந்தது, பிறகு மகன் அச்சேற்றினார். இவை இருந்தும், பதின்மூன்று வயதுப் பிள்ளை கையில் கொடுக்கத் தமிழில் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவு வீறாப்பாக எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், சொல்லத்தான் வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை. ஆள் கணக்கும் சனிக்கிழமைச் சம்பளப் பட்டியலும் என் கையெழுத்துத்தான். கடைசி வருஷங்களில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் செக்கிங் பகுதியில் இருந்தான். கான்ட்ராக்டர் 'பாபு' என்றார், நானும் 'பாபு' என்றே எழுதினேன். ஒரு நாள் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். ஊருக்குச் சொல்ல அப்பா பேரும் கிராமமும் கேட்டார்கள். என் ரிஜிஸ்டரில் பாபு, பதினெட்டு, ஷிப்டுக்கு இவ்வளவு என்று இருந்ததே தவிர வேறு ஒன்றும் இல்லை. கூட இருந்த பையன்கள் யார் யாருக்கோ போன் போட்டு மூன்றாம் நாள்தான் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, அவன் பேர் பாபு இல்லை.

நான்கு புத்தகங்களையும் பரிசுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றே குறித்துக் கொடுத்தேன். பன்னிரண்டு வயதுக்கு மேல். கூடவே ரயில் பாதைப் புத்தகங்கள் இரண்டிலும் ஒட்டச் சொல்லி ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பக்கத்து முகாமில் இருந்தவர்கள் யார் என்று. ஆசிரியை ஒட்டுவதாகச் சொன்னார். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளை வைத்தே இதை ஒரு கையெழுத்துப் பத்திரிகையாகப் போடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பக்கத்தை கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தது என் பேத்தி. பாதியில் நிறுத்தி, "தாத்தா, அவர் பேர் என்ன, அதையும் போட்றலாம்" என்றாள். அம்முச்சி அவரைச் சின்னவன் என்றுதான் சொல்லுவாள். அம்மாவும் சின்ன மாமா என்பாள். நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கத்து அன்பர்கள் யார் வீட்டிலாவது மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் இருந்தால், பேரும் ஊரும் எழுதி அனுப்புங்கள். பழைய கார்டு, மணியார்டர் ரசீது, எதுவானாலும் சரி. மே மாதத்துக்குள் கிடைத்தால் நல்லது.