தானே மறைவதற்குத் தாயத்து ஏன்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங்கிலும் கைமடிப்பிலும் உழைக்கும் ஒரு பெண், கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்துக் கொண்டு, “செல்களில் லேசான மாறுதல், ஓராண்டு கழித்து மறுபடியும் வரவும்” என்ற சீட்டோடு வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கின்றது? மாமியார் சாமிக்குக் காசு முடிந்து வைக்கிறார். பக்கத்து வீட்டார் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்லுகிறார்கள். புருஷன் அவள் நடத்தையைச் சந்தேகிக்கிறான். இம்மூன்றும் அறியாமை என்றே நாம் சொல்லுவோம்.

லேசான மாறுதல் புற்றுநோய் அல்ல. எச்.பி.வி. என்னும் வைரஸினால் வருவது அது. உடலின் எதிர்ப்புச் சக்தியே அவ்வைரஸை அடக்கிவிடுவதால், இம்மாறுதல்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒன்றிரண்டு ஆண்டுகளில் தாமாகவே மறைகின்றன. புற்றுநோயாக முற்றுவது நூற்றில் ஒன்றளவே; அதற்கும் பெரும்பாலும் 10, 15 ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே கர்ப்பப்பையை அறுத்தெடுக்க அவசரம் என்ன?

தாயத்துக் கட்டியவளுக்கும் குணமாகிறது, கட்டாதவளுக்கும் குணமாகிறது. அப்படியிருக்க, குணமானதைச் சாமி கணக்கில் எழுதினால், முற்றிப்போன ஒரு சிலரை யார் கணக்கில் எழுதுவது? காணிக்கைக் காசு போவது கூடப் பெரிதல்ல. “சாமி பார்த்துக் கொள்ளும்” என்று மறு பரிசோதனைக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்களே, அதுதான் உயிருக்கு ஆபத்து.

கற்பைப் பற்றிச் சந்தேகிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இவ்வைரஸ் ஆண் பெண் சேர்க்கையில் தொற்றுவது. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றுவது. பல ஆண்டுகள் வெளியே தெரியாமலும் இருப்பது. புருஷனிடமிருந்தே மனைவிக்கு வந்திருக்கக் கூடாதா? பெண்ணை அளக்கும் கோலால் ஆண் தன்னையும் அளந்து கொள்ளட்டும்.

பரிசோதனையின் பலனுக்கு அத்தாட்சி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000 ஆம் ஆண்டு முதல், பயிற்சி பெற்ற நர்சுகள் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிச் சோதித்தார்கள். 30 முதல் 59 வயது வரை அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். அழைக்கப்படாத கிராமங்களைவிட அக்கிராமங்களில் இந்நோயால் சாவு 35 சதவீதம் குறைந்ததென்று 2007 இல் வெளியாயிற்று. எந்த வேண்டுதலுக்காவது இப்படிக் கணக்குக் காட்ட முடியுமா?

ஆதலால் 30 வயது கடந்த பெண்கள் யாவரும் சோதித்துக் கொள்ள வேண்டும். மறுபடி வரச் சொன்ன நாளில் தவறாது போக வேண்டும். முதலாளிமார் அன்றைய ஷிப்டுக் கூலியைப் பிடிக்காமல் அனுப்ப வேண்டும். புருஷர்கள் துணைக்குப் போக வேண்டும். பயமும் வேண்டாம்; அசட்டையும் வேண்டாம்.