வடித்த கஞ்சி யாருக்கு?

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு முகாமில் முன்பொரு நாள் கண்ட காட்சி இது. ஒரு தாய் சோறு வடித்தார். கஞ்சி முழுவதும் கானுக்குள் போனது. அருகில் அவருடைய பிள்ளை வெறும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. "பிள்ளைக்குக் கொடுக்கலாமே" என்றேன். "ஊரிலை இதை மாட்டுக்கல்லோ வைச்சனாங்கள், சுவாமி. இப்ப நாங்கள் குடிக்கிற நிலைக்கு வந்திட்டமோ?" என்றார்.

அந்த வேதனை நியாயமானது. ஆயினும் ஊரில் கஞ்சி வீணாகவில்லை. மாடு குடித்தது, பாலாகவும் எருவாகவும் நமக்கே திரும்பி வந்தது. மாட்டை இழந்த இடத்தில்தான் அது கானுக்குப் போகிறது.

சோறு குழையாமல் உதிரியாக இருக்க விரும்புவதில் தவறில்லை. அதற்காக அரிசியைப் பல தண்ணீரில் கசக்கிக் கழுவி, அவித்த நீரையும் ஊற்றிவிடுவதே தவறு. மாவோடு சத்தும் போகிறது. விற்றமின் பி1 தண்ணீரில் கரைவது. அது குறைந்தால் பெரிபெரி நோய் வரும். தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு இதையொத்த நோய் வருவதை யாவாத் தீவில் கண்டறிந்த ஐக்மன் என்ற வைத்தியருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் முன்னோர் கண்ட வழி புழுங்கல். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பகுதி மணிக்குள் இறங்குகிறது, மணியும் இறுகுகிறது. ஆகவே சத்து இழப்பும் குறைவு, சோறும் எளிதில் குழையாது. பச்சையரிசியும் புழுங்கலரிசியும் ஒரே விலையென்றால் புழுங்கலையே வாங்குங்கள். கல்லும் தூசும் போக இரண்டு தண்ணீரில் மெதுவாகக் களைந்து அரித்தால் போதும். ஒரு சுண்டு அரிசிக்கு இரண்டு சுண்டுக்குச் சற்றுக் கூடத் தண்ணீர் வைத்து, மூடி, சிறு நெருப்பில் வற்றவிட்டால் வடிக்கவே தேவையில்லை, விறகும் மிச்சம்.

நீரிழிவு உள்ளவர்கள் வடித்த சோற்றை விரும்புகிறார்கள். அவர்கள் வடிக்கட்டும். ஆனால் வடித்துவிட்டோம் என்று கோப்பை நிறையச் சாப்பிடக் கூடாது. சோற்றின் அளவைக் குறைப்பதே முக்கியம். வடித்த கஞ்சியில் சிறிது உப்பிட்டு வீட்டிலுள்ள மற்றவர்கள் சூட்டோடு குடிக்கலாம்.

கஞ்சி குடிப்பது இழிவல்ல. 2009இல் முள்ளிவாய்க்காலில் எத்தனையோ உயிர்களைத் தாங்கியது கஞ்சியே. அதனால்தான் மே மாதத்தில் அதை நினைவாகப் பகிர்கிறோம். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவரும் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்தெடுக்கச் சொன்னார். பானையில் மிஞ்சுவதையும் நாம் சேர்த்தெடுப்போம்.