இலுப்பைப்பூவும் உணவே

'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்னும் பழமொழியில் சிறிது ஏளனம் உண்டு. கரும்பாலை இல்லாத ஊரில் இப்பூவே இனிப்பு என்று அது கூறுகிறது. ஆனால், நடு இந்தியக் காடுகளில் வாழும் கோண்டு, பைகா, சந்தால் முதலிய பழங்குடியினர்க்கு இலுப்பைப்பூ மாற்றுப்பொருள் அன்று. தலைமுறை தலைமுறையாக உண்டுவரும் உணவு. அங்கே அதன் பெயர் மகுவா.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் இப்பூக்கள் இரவிலும் வைகறையிலும் தாமே உதிரும். உதிர்வது சாறு நிறைந்த அல்லிவட்டமே. சூலகம் கிளையில் நின்று காயாகிப் பின்னர் எண்ணெய் வித்தையும் தரும். எனவே, பூவைப் பொறுக்குவதால் மரத்திற்கு இழப்பில்லை. இத்தகைய உணவுப்பொருள்கள் மிகச் சிலவே.

உலர்ந்த பூவின் எடையில் பாதிக்குமேல் சர்க்கரையே ஆகும். சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் ஓரளவு உண்டு, புரதம் குறைவு. அதனால்தான் பழங்குடிப் பெண்கள் அதனை மாவுடன் பிசைந்து ரொட்டி தட்டுகின்றனர். எள்ளுடன் இடித்து உருண்டை பிடிக்கின்றனர். இப்பூவில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனைக் கொண்டு 'எல்லா நோய்க்கும் மருந்து' என விற்பது மிகை. உணவாக இருப்பதே அதற்குப் போதிய பெருமை.

ஆட்சியாளர் கண்ணுக்கோ அது நெடுங்காலம் மதுவின் மூலப்பொருளாகவே தோன்றியது. பம்பாய் மாகாணத்தில் 1892ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மௌரா சட்டம், வீடுகளில் மது வடிப்பதைத் தடுக்கும் நோக்கில் பூவைச் சேகரிப்பதையே கட்டுப்படுத்தியது. பஞ்ச காலத்தில் உயிர் காத்த உணவும் அதனால் குற்றப்பொருள் ஆயிற்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின்மீது காட்டில் வாழ்வோர்க்கு உரிமை அளித்தது. எனினும், பழைய பார்வை முற்றிலும் மறையவில்லை.

மகுவா விளையும் மாவட்டங்களின் அங்கன்வாடிகளிலும் பள்ளி மதிய உணவிலும் அவ்வுருண்டைக்கு இடமளிக்க வேண்டும். அதற்குப் பூ தூய்மையாக இருத்தல் தேவை. இன்று பலர் மரத்தடிச் சருகை எரித்துவிட்டு, வெறுந்தரையில் விழும் பூவைப் பொறுக்குகின்றனர். பூவில் மண் ஒட்டுகிறது. சில வேளைகளில் தீ காட்டிற்கும் பரவுகிறது. மரத்தடியில் வலை கட்டினால் இரண்டும் நேரா. வலை வாங்கும் செலவை நாள்கூலிக்குப் பூப் பொறுக்கும் குடும்பத்தின்மேல் சுமத்தலாகாது. பூவைக் கொள்முதல் செய்யும் அரசே அதனை ஏற்பது முறை.