புரோகிரசிவ் ஸ்கேன்: 600 ரூபாய் கூடக் கொடுக்கலாமா?

கச்சிராயபாளையத்தில் இருக்கும் என் மாமா சமீபத்தில் போன் செய்தார். “மாப்ளே, கள்ளக்குறிச்சியில டிவிடி பிளேயர் பார்க்கிறேன். புரோகிரசிவ் ஸ்கேன் உள்ளது 600 ரூபாய் கூடவாம். படம் பளிச்சுனு தெரியுமாமே?”

“டிவிக்குப் பின்னாடி என்னென்ன ஓட்டை இருக்கு மாமா?” என்றேன். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி அது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காரணம் எளிது. நம் நாட்டு பால் முறையில் ஒரு படத்துக்கு 576 கோடுகள். பிக்சர் டியூப் டிவி அவற்றை ஒரே மூச்சில் வரையாது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதிக் கோடுகள், பிறகு மீதிக் கோடுகள். இப்படி விநாடிக்கு 50 அரைப் படங்கள். இதுதான் இன்டர்லேஸ்டு. எல்லாக் கோடுகளையும் வரிசையாக ஒரே தடவையில் தந்தால் அது புரோகிரசிவ். மஞ்சள் ஒயரில் இது போகவே போகாது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒயர் உள்ள காம்போனென்ட் இணைப்போ எச்டிஎம்ஐ இணைப்போ வேண்டும். அதை ஏற்கும் டிவியும் வேண்டும். எல்சிடி டிவி வைத்திருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். அரைப் படங்களைச் சேர்க்கும் வேலையை அந்த டிவியே செய்துகொள்ளும். பிளேயரா, டிவியா, யார் நன்றாகச் சேர்க்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். என் கண்ணுக்கு அது 600 ரூபாய் பெறவில்லை.

உண்மையில் இந்த விஷயம் உங்களைத் தொடும் இடம் கம்ப்யூட்டர்தான். 2009-ல் நடந்த என் அக்கா கல்யாண டிவிடியை லேப்டாப்பில் போட்டேன். ஆயா அட்சதை தூவும்போது கை முழுவதும் சீப்புப் பல் போலக் கோடுகள். “டிஸ்க் கெட்டுப் போச்சு, தூக்கிப் போடு” என்றார் அம்மா. ஆயா இப்போது இல்லை. அவர் நடமாடும் வீடியோ அது ஒன்றுதான்.

டிஸ்க் கெடவில்லை. சினிமாவில் இரண்டு அரைப் படங்களும் ஒரே ஃபிரேமிலிருந்து வருவதால் ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீடியோ கேமராவோ அவற்றை விநாடியில் 50-ல் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கிறது. அதற்குள் கை நகர்ந்துவிடுகிறது.

விஎல்சி பிளேயரில் வீடியோ மெனுவுக்குப் போய் டீஇன்டர்லேஸை ஆன் செய்து, மோடில் யாடிஃப் தேர்ந்தெடுங்கள். கோடுகள் மறைந்துவிடும். அப்படியே டிஸ்கில் உள்ள ஃபோல்டர்களை மாற்றாமல் ஹார்டு டிஸ்கில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். எம்பி4 ஆக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.