பழைய வலையும் நம் கடனும்

வைகாசிப் பொங்கலில் வற்றாப்பளை அம்மனுக்கு முல்லைத்தீவுக் கடல்நீரெடுத்து விளக்கேற்றுதல் நம் மரபு. அப்புனித நீர் அலைக்கும் கரையிலே கிழிந்த நைலோன் வலைகளைக் குவித்தல் முறையோ?

முன்னோர் பருத்திநூல் வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறூட்டினர். கிழிந்த வலை மண்ணோடு மண்ணாயிற்று. நைலோனோ எளிதில் மக்காது. கடலிற் கைவிட்ட வலை ஆளின்றியே மீனையும் ஆமையையும் கொல்லும். கரையில் எரித்தால் நச்சுப்புகை எழும்.

ஆயினும் அது பயனற்றதன்று. குளிர்கடலில் மூழ்குவோர் அணியும் செயற்கை இறப்பருடையை மீள உருக்க இயலாது. கிழிந்தால் வெட்டிப் பை தைப்பர். நைலோன்-6 வலையையோ மூலப்பொருளாக்கி மீண்டும் நூலாக்கலாம். சுலோவேனியாவில் 2011 முதல் அவ்வாறு நூல் செய்கின்றனர். அந்நூலால் நீச்சலுடையும் ஆகின்றது.

ஒருநாட் சிரமதானம் இதற்குப் போதாதென்பதே எம் கருத்து. விலையில்லாப் பொருளை எவரும் சேர்த்து வையார். ஆதலின் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் பழைய வலையை விலைகொடுத்து வாங்கி, நூலாக்கும் ஆலைகளுக்கு விற்றல் வேண்டும். அதற்கான முதலைப் பழைய மாணவர் உதவுக. ஈயமும் மிதவையும் களைந்து வகைபிரிக்கும் பணியை மாணவர் ஏற்க.

வலைவீசிய தந்தையரின் உழைப்பாலன்றோ நம்மிற் பலர் கல்லூரிப் படியேறினோம்? விழாக்காணும் இவ்வாண்டிலேயே அக்கடனைத் தீர்க்கத் தொடங்குவோமாக.